ஊர் வானொலிக்கு ஏன் செய்தி ஆகாது?

இந்தியாவில் சமுதாய வானொலி நடத்த உரிமம் பெறும் எந்த அமைப்பும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்: செய்தி, நாட்டு நடப்பு, அரசியல் சார்ந்த எந்த நிகழ்ச்சியையும் ஒலிபரப்பக் கூடாது. 2006 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த கொள்கையில் இந்த விதி இடம்பெற்றது. கொள்கை பலமுறை திருத்தப்பட்டும் இந்த விதி நீங்கவில்லை. பின்னாளில் சில சலுகைகள் வந்தன. வானிலை, போக்குவரத்து நெரிசல், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்சாரம் குடிநீர் பற்றிய பொது அறிவிப்பு ஆகியவை செய்தியாகக் கருதப்பட மாட்டா என்று அரசு விளக்கம் தந்தது. ஆகாஷவாணியின் செய்தியறிக்கையை அப்படியே எடுத்தும் ஒலிபரப்பலாம், வட்டார மொழியில் பெயர்த்தும் வாசிக்கலாம். ஆக, நாளைக்குத் தண்ணீர் வராது என்று ஊருக்குச் சொல்லலாம். மூன்று வாரமாக ஏன் வரவில்லை என்று ஊராட்சித் தலைவரை மைக் முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் அது அனுமதிக்குள் வருமா, தடைக்குள் வருமா என்பதை நிலையம் நடத்துகிறவரே உறுதியாகச் சொல்ல முடியாது. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டே இந்தத் தடை என்பது அரசு தரும் விளக்கம். ஆனால் தடையின் வேர் 2006-ஐவிட மிகப் பழையது. ஒலிபரப்பு உரிமை ஒவ்வொரு முறை விரிந்தபோதும், மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்த டெல்லி செய்தியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது என்பதே என் வாதம்.

சென்னையில் வானொலி டெல்லியிலிருந்து வந்து இறங்கியதல்ல. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாகி, அந்த ஆண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆர்வலர்களின் கழகம், சந்தாவை நம்பி நடந்தது, 1927-இல் பணமுடையால் நின்றுபோனது. கழகத்தின் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்து, பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கும்படி செய்தது. 1938 ஜூன் 16 அன்று, இன்று ஆகாஷவாணி எனப்படும் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தபோது அது முடிவுக்கு வந்தது. இசையும் உரையுமாக ஒலித்த அந்த நிலையத்தை அரசியல் மேடையாக நான் கற்பனை செய்யவில்லை. ஆனால் ஓர் உள்ளாட்சி அமைப்பு, வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே, எட்டாண்டுகள் வானொலி நடத்தியிருக்கிறது. வானொலி என்றாலே டெல்லிதான் என்ற எண்ணம் அதற்குப் பிறகு உண்டாக்கப்பட்டது.

அது எப்படி உண்டானது என்பதைச் சட்டங்களில் தேட வேண்டும். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்தியனுப்பும் உரிமையை முழுக்க அரசுக்கே ஒதுக்கியது. 1857 கிளர்ச்சியை மறக்காத ஓர் ஆட்சி தகவல் கம்பியைப் பிறர் கையில் விடாதது இயல்புதான். வானொலி வந்ததும் அதுவும் தந்தியின் இன்னொரு வகை என்று அதே சட்டத்துக்குள் அடைக்கப்பட்டது. 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமில்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வியப்பு: 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், மாகாணங்கள் தமக்கென ஒலிபரப்பு நிலையம் கேட்டால் நியாயமின்றி மறுக்கக் கூடாது என்று சொன்னது. சுதந்திர இந்தியா அந்தச் சிறு கதவையும் சாத்தியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தபால், தந்தி, தொலைபேசியோடு ஒலிபரப்பையும் சேர்த்து மத்தியப் பட்டியலில் வைத்தது. கூட்டாட்சி பற்றி இவ்வளவு பேசிய தமிழ்நாட்டில்கூட இந்த இழப்பைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் புதிராக இருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. புதிய ஆட்சியாளர்கள் வானொலியின் ஆற்றலைக் கேள்விப்பட்டு மட்டும் அறிந்தவர்கள் அல்லர். 1942 ஆகஸ்டில், தலைவர்கள் எல்லாம் சிறையில் இருந்தபோது, பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி இடம் மாறி மாறி ஒலிபரப்பியது. பத்திரிகைகள் அச்சிட முடியாத செய்திகளைச் சொன்னது. நவம்பர் 12 அன்று போலீஸ் பிடிக்கும்வரை மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை. உரிமமில்லாமல் செய்தி சொன்னதைத் தியாகமாகக் கொண்டாடும் அரசு, உரிமம் பெற்றவரும் செய்தி சொல்லக் கூடாது என்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பல தலைமுறைத் தமிழர்கள் சரோஜ் நாராயண்சுவாமியின் கணீர்க் குரலில் கேட்ட தமிழ்ச் செய்தி டெல்லியிலிருந்துதான் வந்தது. அந்தக் குரல் மீது எவருக்கும் குறை இருக்க முடியாது. ஆனால் எது செய்தி என்று தேர்ந்தெடுத்த மேசை ஆளும் அரசின் கீழ் இருந்தது. ஒலிபரப்பை ஆராய அரசு அமைத்த சந்தா குழு 1966-இலேயே தன்னாட்சி பெற்ற ஒலிபரப்புக் கழகம் வேண்டும் என்றது. 1975-77 நெருக்கடிநிலையில் வானொலி ஒரு கட்சியின், கிட்டத்தட்ட ஒரு வீட்டின், ஊதுகுழலான பிறகு அமைந்த வர்கீஸ் குழுவும் அதையே வற்புறுத்தியது. கல்வி நிறுவனங்கள் உள்ளூர் நிலையம் நடத்த இடம் தரலாம் என்றும் பரிந்துரைத்தது. எதிர்க்கட்சிகள் தேர்தலுக்காக வானொலியில் பேச முதன்முதலாக நேரம் கிடைத்ததே 1977-இல்தான். நாடாளுமன்றம் பிரசார் பாரதி சட்டத்தை 1990-இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று.

நீதிமன்றம் தலையிட்டது கிரிக்கெட்டால். 1993-இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை முன்னிட்டு எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகம் செல்லாது, அதே நேரத்தில் அதைச் சந்தையிடம் ஒப்படைப்பதும் தீர்வாகாது, அரசைச் சாராத ஒரு பொது அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற கருத்துக்கு நீதிபதி ஜீவன் ரெட்டி அழுத்தம் தந்தார். ஒரு குடிமகன் கருத்துரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் அவனுக்குப் பல தரப்பட்ட கருத்துகள் எட்ட வேண்டும் என்பது அதன் அடிநாதம். இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் சமுதாய வானொலிக்கான கோரிக்கை வளர்ந்தது. 1996-இல் பெங்களூர் பிரகடனம், 2000-இல் பஸ்தாபூர் பிரகடனம். அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் தலித் பெண்கள் நிலையம் கட்டி முடித்து, உரிமத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். கோலார் மாவட்டம் பூதிகோட்டையில் கம்பிவழியாக வீடுகளுக்கு ஒலியை அனுப்பினார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில், ஆகாஷவாணி புஜ் நிலையத்தில் விலைக்கு வாங்கிய நேரத்தில், பெண்கள் ஊராட்சி அரசியலையே நாடகமாக்கினார்கள். இவர்களில் யாரும் சமையல் குறிப்புக்காக அலைவரிசை கேட்கவில்லை.

கிடைத்தது என்ன? 2002 இறுதியில் அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இடம் தந்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. நாட்டின் முதல் உரிமம் பெற்ற வளாக வானொலி அது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. 2008 அக்டோபரில் அந்த மேதக் பெண்களின் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 100 வாட் ஆற்றல், 30 மீட்டர்க் கோபுரம், பத்துக் கிலோமீட்டர் போல ஒரு வட்டம். அதற்கும் உள்துறை, பாதுகாப்பு உள்பட்ட பல அமைச்சகங்களின் ஒப்புதல் வேண்டும்; ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும்; ஆகாஷவாணியின் நிகழ்ச்சி நெறிமுறைகளையும் பின்பற்ற வேண்டும். நட்பு நாடுகளை விமர்சிப்பது, ஒரு மாநிலத்தையோ மத்திய அரசையோ பகைமையோடு விமர்சிப்பது, கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது எல்லாம் அந்த நெறிமுறைகளில் விலக்கப்பட்டவை. அரசு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு வகுத்துக்கொண்ட அடக்கம், அரசுச் சம்பளம் வாங்காத ஊர் மக்கள் மீதும் ஏற்றப்பட்டிருக்கிறது.

இதன் பொருளைப் பாம்பனில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 2016 ஆகஸ்ட் முதல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இயங்குகிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடல்வளப் பாதுகாப்பு எல்லாம் மீனவருக்குப் பயன்படும் செய்திகள்தாம், ஐயமில்லை. ஆனால் பாம்பன் மீனவரின் நாட்டு நடப்பு வேறொன்று. எந்தப் படகு பிடிபட்டது, யார் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார், இலங்கையுடனான 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு என்ன ஆனது, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே உள்ள சச்சரவில் யார் பக்கம் நியாயம், அக்கரையில் வடபகுதித் தமிழ் மீனவர் இழுவைமடியால் இழப்பதாகச் சொல்வது உண்மையா. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் இவற்றில் முக்கால்வாசி ஒலிவாங்கிக்கு அருகே வர முடியாது: ஒன்று செய்தி, இன்னொன்று அரசியல், மற்றொன்று நட்பு நாட்டு விமர்சனம். இவை அனைத்தையும் சென்னை, டெல்லித் தொலைக்காட்சிகள் இரவெல்லாம் விவாதிக்கலாம். கரையில் வலை உலர்த்துகிறவர் தம் கரையிலேயே உள்ள வானொலியில் விவாதிக்கலாகாது. கடலைப் பற்றி எல்லாம் சொல்லலாம், கடலில் நடப்பதைச் சொல்லக் கூடாது என்பது எந்த வகைப் பாதுகாப்பு?

பக்கத்து நாடான நேபாளம் வேறு வழியில் போனது. அதனால் என்ன ஆயிற்று என்பதற்குச் சான்று இருக்கிறது. சுற்றுச்சூழல் பத்திரிகையாளர் அமைப்பொன்று பல ஆண்டு போராடிப் பெற்ற உரிமத்தில், ரேடியோ சாகர்மாதா 1997 மே மாதம் காத்மாண்டில் தொடங்கியது. தெற்காசியாவில் அரசைச் சாராத முதல் சமுதாய வானொலி என்று அதைச் சொல்வார்கள். அங்கிருந்து மலைமாவட்டங்களுக்கும் தராய்க்கும் நிலையங்கள் பரவின. செய்தியும் விவாதமும் அவற்றின் அன்றாட வேலையாயின. 2001-இல் அரசு பண்பலை நிலையங்களில் செய்தியைத் தடுத்தபோது உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்தார். அன்றே சிப்பாய்கள் நிலையங்களுக்குள் நுழைந்தார்கள். பாட்டு மட்டும் போடலாம், செய்தி கூடாது என்று உத்தரவு வந்தது. பாட்டு போடலாம் என்றதால் சில நிலையங்கள் செய்தியையே பாட்டாகப் பாடின. சில ஊர்களில் செய்தியாளர்கள் தெருவில் நின்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நவம்பர் 27 அன்று, மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவின் பேட்டி அடங்கிய பிபிசி நேபாளி நிகழ்ச்சியை அஞ்சல் செய்யவிருந்த சாகர்மாதாவுக்குள் போலீஸ் புகுந்து கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. உச்ச நீதிமன்றம் தலையிட்டதும் நிலையம் மீண்டும் ஒலித்தது. 2006 ஏப்ரலில் மக்கள் இயக்கம் மன்னரைப் பணியவைத்தது. அதன் செய்திகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவற்றில் இந்தச் சிறு நிலையங்களுக்கு முக்கிய இடம் உண்டு. பத்தாண்டு உள்நாட்டுப் போர் நடந்த நாடு அது. செய்தி சொல்லும் ஊர் வானொலியால் நாடு உடைந்துவிடும் என்றால் முதலில் உடைந்திருக்க வேண்டியது நேபாளம்.

உலகில் இது தனி உதாரணமும் அல்ல. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தங்கள் கூலியில் ஒரு பகுதியைப் போட்டுச் சங்க வானொலிகளை நடத்தினார்கள். ஒரு காலத்தில் அவை இருபதுக்கும் மேல். 1980 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தலைநகர் நிலையங்கள் வாய்மூடிய பின்னும் சுரங்க வானொலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, படை வாசலுக்கு வரும்வரை பேசிக்கொண்டிருந்தன. கேப்டவுனின் புஷ் ரேடியோ 1993-இல் உரிமமில்லாமல் ஒலித்து சில மணி நேரத்தில் பறிமுதலானது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995-இல் அதே நிலையம் உரிமத்தோடு திரும்பியது, செய்தியோடும்தான். எதிர்த்திசை உதாரணம் இலங்கை. 1981-இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலி, பெரும் பாசனத் திட்டத்தில் குடியேற்றப்பட்ட மக்களுக்காக வந்தது; நல்ல நோக்கம், திறமையான நிகழ்ச்சிகள். ஆனால் நிலையம் அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு உட்பட்டது. திட்டத்தையே கேள்வி கேட்கும் இடமாக அது ஆக முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மறுப்புகள். வலுவான மறுப்பு ருவாண்டாவைக் காட்டும். 1993-இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, 1994-இல் துட்சி மக்களைக் கொல்லத் தூண்டியது, பெயரும் இருப்பிடமும் சொல்லிக் காட்டிக்கொடுத்தது. பல லட்சம் பேர் மாண்ட அந்த இனக்கொலையில் வானொலியின் பங்கு சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நிரூபணமானது. கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பின் மூண்ட கலவரத்திலும் தாய்மொழி வானொலிகள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. இவற்றை லேசாக ஒதுக்கக் கூடாது. ஆனால் ஆர்டிஎல்எம் எளிய மக்களின் ஊர் நிலையம் அல்ல. அதிபரைச் சுற்றியிருந்தவர்கள் பணம் போட்டு, அரசின் அரவணைப்பில், நாடு முழுதும் கேட்க நடத்தியது. கென்யாவில் பழி வந்தது வணிக நிலையங்கள் மீது; அதே நாட்களில் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் இருந்த பாமோஜா எஃப்எம் என்ற சமுதாய வானொலி, பல இனத்தவரும் நெருக்கியடித்து வாழும் இடத்தில் அமைதிக்காகப் பேசிக் கொதிப்பைத் தணித்தது. இந்தியாவில் வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மூன்று மாத ஒலிப்பதிவும் கையில் இருக்கிறது. உரிமத்தை ரத்து செய்ய ஒரு நாள் போதும். அரசு அஞ்சும் ஆபத்து செய்தியில் இருக்கிறது என்றால், நாடு முழுவதும் எட்டும் நூற்றுக்கணக்கான செய்தித் தொலைக்காட்சிகளுக்கும், பதிவு பெற்ற லட்சத்துக்கு மேற்பட்ட பத்திரிகைகளுக்கும் அது எப்படி இல்லாமல் போயிற்று? வேறுபாடு ஒன்றுதான். பத்திரிகைக்குப் படிப்பு வேண்டும், தொலைக்காட்சிக்குப் பெருமுதல் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் பேசக்கூடியது ஊர் வானொலி. படித்தவனுக்குச் செய்தி, படிக்காதவனுக்கு அறிவுரை என்ற பழைய பிரிவினை இதற்குள் இருக்கிறது.

எனக்கு இதைவிடக் கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு. தடையை எடுத்தால் வானொலி ஊருக்குக் கிடைக்குமா, ஊர்ப் பெரியவர்களுக்குக் கிடைக்குமா? சாதியும் பணமும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஒலிவாங்கியையும் எடுத்துக்கொள்வார்கள். உரிமம் பெற்றவற்றில் பெரும்பகுதி கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும். அவை அரசு விளம்பரத்தையும் நன்கொடையையும் நம்பியிருப்பவை, துணிந்து பேசிவிடுமா? நேபாளத்தில் 2006-க்குப் பின் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது பலவற்றின் பின்னால் கட்சிக்காரர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இந்த அச்சத்தை நான் ஏற்கிறேன், ஆனால் முடிவை ஏற்கவில்லை. இன்றைய தடை ஆதிக்கக்காரரை அடக்கவில்லை; அவரைப் பற்றி மற்றவர் பேசுவதைத்தான் அடக்குகிறது. நூறு நாள் வேலையில் யாருக்குக் கூலி குறைந்தது, சுடுகாட்டுப் பாதை ஏன் அடைபட்டது, ஊராட்சிக் கூட்டத்தில் தலித் தலைவி ஏன் தரையில் உட்காரவைக்கப்பட்டார் என்பவைதாம் 'அரசியல்' என்று விலக்கப்படுகின்றன. ஆட்சியரின் திட்ட விளக்கம் அரசியல் ஆவதில்லை. ஆதிக்கம் புகாமல் தடுக்க வேண்டுமானால் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் இடம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு மறுமொழி சொல்லும் உரிமை, தேர்தல் காலத்தில் எல்லா வேட்பாளருக்கும் சம நேரம் என்று எழுதலாம். வாயை அடைப்பதற்கும் அவைக்கு முறை வகுப்பதற்கும் நிறைய தூரம்.

கைபேசி வந்தபின் இந்த வழக்கே காலாவதியாகிவிட்டது என்பாரும் உண்டு. உண்மையில் கைபேசி இந்தத் தடையின் அபத்தத்தைக் கூட்டித்தான் காட்டுகிறது. 1950-களில் தகவல் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஒதுக்கினார். நேயர்கள் இசையைத் திருத்திக்கொள்ளவில்லை, இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். இன்று ஊர் வானொலியில் இல்லாத ஊர்ச் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது, சொன்னவர் யார் என்று தெரியாமல், மறுத்தால் கேட்க ஆள் இல்லாமல். ஒரு யூடியூப் சேனலை எந்த உரிமமும் இன்றி எவரும் இன்றே தொடங்கலாம். பல அமைச்சகப் படியேறி, முகவரி கொடுத்து, ஒலிப்பதிவு காத்து வைத்திருக்கும் நிலையத்துக்கு மட்டும் செய்தி விலக்கு. பொறுப்பேற்க முன்வந்தவருக்கு வாய்ப்பூட்டு, பொறுப்பில்லாதவருக்கு ஊரே அரங்கு.

மாற்றத்துக்கான முனகல்கள் கேட்டபடியே இருக்கின்றன. தடையை எதிர்த்து காமன் காஸ் என்ற அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அரசு 2019 ஜனவரியில் தனியார் பண்பலை நிலையங்களுக்கு ஆகாஷவாணியின் செய்தியை அஞ்சல் செய்ய அனுமதி தந்து, அதையே பெரிய தாராளம்போல அறிவித்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில், தனியார் பண்பலை நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் சொந்தமாகச் செய்தி சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. வணிக நிலையத்துக்குப் பத்து நிமிடம் உகந்தது என்றால் ஊர் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் உகந்ததே. தமிழ்நாட்டுக் கட்சிகள் மாநில உரிமை பேசும்போது இதையும் தங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, நாடாளுமன்றம்கூடக் கூட வேண்டியதில்லை. கொள்கை வழிகாட்டியில் உள்ள அந்த ஒரு விதியை எடுக்க அமைச்சரவையின் ஒரு முடிவு போதும்.